பதினாலாம் துண்டுக்காரரின்ர ஆட்சேபனை

அது சரியாது பிள்ளை, நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ. நான் பையைக் காலுக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஓம், முழுக்கப் பாகற்காய்தான். எட்டுக் கிலோ. பின்ன, விசாரணைக்குப் போறவள் சாட்சி இல்லாமல் போறதே? ஒட்டாவாவில இருந்து வாற அந்த அதிகாரி கேப்பார், அந்தத் தோட்டத்தில அப்பிடி என்னத்தை அம்மா நடுறனீங்கள் எண்டு. டக்கெண்டு தூக்கி மேசையில வைக்கவேணும். சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கும் விடியத் தொடக்கம் சிரிப்பாத்தான் கிடக்கு. தேத்தண்ணிக்கு உப்புப் போட்டுக் குடிச்சிட்டன் எண்டால் பாருங்கோவன்.

அனோஜினி, நீங்கள் வேலை செய்யிற பல்லு டொக்டரிட்ட அரைநாள் லீவு கேட்டு வந்து என்னை ஏத்திக்கொண்டு போறது பெரிய காரியம். உங்கட அப்பாவும் எங்களோடயே வந்திருக்கலாம். பத்து மணி விசாரணைக்கு ஏழு மணிக்கே பஸ் எடுத்திட்டாராம்! அவர் இருக்கிற லாசாலில இருந்து ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினாலே பத்துக்குப் போயிடலாம். என்ன சொன்னவர்? சிவமலர் அன்ரியை நீ ஏத்திக்கொண்டு வா, எனக்குப் பஸ்தான் வசதி எண்டவரோ? வசதியாம் வசதி. அவர் ஏன் ஓடினவர் எண்டு எனக்குத் தெரியும். பேந்து சொல்லுறன்.

அங்க பாருங்கோ, திரும்பவும் றோட்டு வேலைக்கு வைச்ச ஒறேஞ்ச் கூம்பு. இந்த ஊரில சனத்தைவிடக் கூம்புதான் கூட. பரவாயில்லை, ஆறுதலாப் போங்கோ. நேரம் கிடக்கு. எனக்கும் கதைக்க நேரம் வேணும்.

என்ன, நெத்தியைப் பாக்கிறியள்? ஓம், பொட்டுத்தான். என்ர மனுசன் மோசம்போய்ப் பதினொரு வருஷம், அண்டையில இருந்து திருநீறு மட்டும்தான் பூசுறனான். அரசாங்க அலுவல் எண்டால் முகம் விளங்கவேண்டாமோ, அதுதான் வைச்சனான். வேற ஒண்டும் இல்லை.

அது சரி, உங்களுக்கு இந்தக் காணிக் கதை முழுக்கத் தெரியுமோ? அப்பா சொல்லயில்லையே? அவர் எங்க வாய் திறக்கிறார். இந்தக் கோடை முழுக்க எங்களுக்கு இதே கதைதான் பிள்ளை.

யூன் மாதம் ஒருநாள் காலமை நான் சிற்றி துண்டு பிரிச்சுத் தந்த எங்கட தோட்டத்துக்குப் போறன், என்ர பதினைஞ்சாம் துண்டுக்குள்ள புதுசா நாலு கம்பு. நல்ல வயிரக் கம்பு, நேர் பிடிச்சு நட்டு, உச்சியில ஒரு றோஸ் கலர் ரிபனும் கட்டியிருக்கு. நான் நினைச்சன், சிற்றிக்காரங்களுக்கு இந்த வருஷம் நல்ல புத்தி வந்து கொடி ஏத்தக் கம்பு தந்திருக்கிறாங்கள் எண்டு. அங்க நிண்ட ஒருத்தருக்கு மெர்சி எண்டு நன்றியும் சொல்லிப்போட்டு பாகற்கொடியைத் தூக்கி அதில விட்டன். பக்கத்தில உங்கட அப்பாவின்ர பதினாலாம் துண்டுக்குள்ளயும் மூண்டு கம்பு. அதில என்ர பயத்தங்கொடியை விடச் சொன்னவர். எங்கட பாகல் தெரியுமெல்லே, வெயில் கண்டால் படர மூண்டு கிழமை காணும். கம்பும் இல்லை, ரிபனும் இல்லை, எல்லாம் பச்சை.

யூலையில நில அளவைக்காரப் பெடியன் ஒருத்தன் வந்து அங்கயும் இங்கயும் ஓடுறான். தன்ர கம்புகளைக் காணயில்லையாம். ஒட்டாவா அரசாங்கம் எல்லை பாத்து நட்ட கம்பு பிள்ளை அது! நான் அதில பாகற்காய் காய்ச்சு இறக்கி, ரெண்டுதரம் பொரிச்சும் சாப்பிட்டிட்டன். கொடிக்குள்ள கையை விட்டு, இந்தா பார் தம்பி உன்ர கம்பு எண்டு காட்டினன். அவனுக்கு அழுகை வரப் பாத்தது. ஒரு பை நிறையக் காய் குடுத்து அனுப்பினன். எப்பிடிச் சமைக்கிறது எண்டு உங்கட அப்பாதான் அவனுக்குப் பிரெஞ்சில எழுதிக் குடுத்தவர். கீழ கையெழுத்தும் வைச்சுத்தான் குடுத்தவர்.

அதுக்குப் பிறகுதான் நோட்டிஸ் வந்தது. ஒட்டாவாவில ஏதோ ஒரு திணைக்களம், பேர் என்ர வாயில நுழையாது. பழைய பைல் எல்லாம் வைக்கிறதுக்குப் பெரிய கட்டடம் ஒண்டு கட்டப் போகினமாம். அதுக்கு எங்கட தோட்டம் வேணுமாம். பைல் வைக்க! பிள்ளை, தொண்ணூறாம் ஆண்டு வந்து இறங்கின காலத்தில நாங்கள் எழுதிக் குடுத்த அகதிப் பைலுகள் எத்தினை ஆயிரம்? எங்கட பைலுகளே வந்து எங்கட கத்தரிக்கண்டைக் கிளப்பப் போகுது எண்டு நான் சொல்ல, உங்கட அப்பா சிரிச்சார் பாருங்கோ, தண்ணி வாளியைக் கீழ வைச்சிட்டுச் சிரிச்சவர். அவர் அப்பிடிச் சிரிச்சு நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

பற்றிக்கைத் தெரியுமெல்லே? எங்கட கொமிற்றித் தலைவர், முந்திப் பஸ் ஓடின கியூபெக் மனுசன். அவர் துள்ளின துள்ளல்! இது சிற்றியின்ர காணி, பொதுக்காணி, நாப்பது வருஷமாச் சனம் பாவிக்குது, ஒட்டாவா இதில கை வைக்கேலாது எண்டார். ஒரு ஆளின்ர சொந்தக் காணி எண்டால் பொதுத் தேவைக்கு எடுக்கலாம். ஏற்கனவே பொதுத் தேவையில கிடக்கிற காணியை என்னண்டு பொதுத் தேவைக்கு எடுக்கிறது? எனக்கும் நல்ல நியாயமாத்தான் பட்டது. பேந்து ஒரு லோயர்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அது தக்காளிப் பாத்திக்குள்ள நிண்டுகொண்டு சொல்லுது, எடுக்கலாமாம். சிற்றியின்ர எண்டாலும், சனம் பாவிச்சுக்கொண்டு இருக்கிறது எண்டாலும், ஒட்டாவாவில இருக்கிற சமஷ்டி அரசாங்கம் தனக்கு ஒரு வேலைக்கு வேணும் எண்டால் எடுக்கலாமாம். நாங்கள் முப்பது நாளுக்குள்ள ஆட்சேபனை எழுதிக் குடுக்கலாம். அதைக் கேக்க ஒரு அதிகாரி வருவார். ஆனா அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டாராம். நாங்கள் சொல்லுறதை எழுதி மந்திரிக்கு அனுப்புறதுதான் அவற்ற வேலை. மந்திரி வாசிச்சுப்போட்டு எடுக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம்.

அப்ப பொதுவிலயும் பெரிய பொது, சின்னப் பொது எண்டு இருக்கு எண்டன். லோயர்ப் பிள்ளை, ஓம் மேடம், அதைத்தான் நானும் அஞ்சு வருஷம் படிச்சனான் எண்டுது. சமஷ்டி, சமஷ்டி எண்டு ஊரில எங்கட ஆக்கள் எத்தினை வருஷம் கேட்டு, எத்தினை ஊர்வலம் போனவை? அங்க தரயில்லை. இஞ்ச சமஷ்டி தானே வந்து என்ர பாகற்கொடியைக் கேக்குது!

இல்லைப் பிள்ளை, எனக்குக் கோவம் வரயில்லை. உண்மையாச் சொன்னால் ரெண்டு நாள் பெருமையாக் கூட இருந்தது. மயிலிட்டியில எங்கட காணியை ஆமி எடுக்கேக்க எனக்கு நோட்டிஸ் தந்தது ஆர்? இஞ்ச எனக்குச் சொந்தமே இல்லாத காணி. பத்தடிக்கு இருபதடி. வருஷா வருஷம் பதிஞ்சு பாவிக்கிறது. அதுக்குக் கடிதம், படிவம், விசாரணை, உரைபெயர்ப்பாளர். கோப்பியும் குடுப்பினமாம். நான் முக்கியமான ஆள்தான் போல எண்டு நினைச்சன். சிரிக்காதேங்கோ, நீங்கள் இஞ்ச பிறந்தனீங்கள், உங்களுக்கு அது விளங்காது.

பச்சை விழுந்திட்டுது. ஓம், ஓம், முன்னுக்கு நிக்கிறவன் எடுக்கிறான் இல்லை. நிக்கட்டும்.

உங்கட அப்பாவை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனா தோட்டக்காரன் எண்டால் அவர் ஒரு சதத்துக்கும் உதவாத தோட்டக்காரன். குறை நினைக்காதேங்கோ. ஏழு வருஷமாக் கத்தரி வைக்கிறார், ஏழு வருஷமாப் பட்டுப்போகுது. ஒருக்காக் கண்டு வைச்ச கையோட மேல நிண்டு தண்ணி ஊத்தி வேரையே கிளப்பிப் போட்டார். ஆனா ஒருநாள் தவறாமல் வருவார். மழைக்கும் வருவார். நான் ஜான்-டலோன் சந்தையில வேலை முடிஞ்சு நாலரைக்கு வந்து இறங்கினால், மனுசன் தொப்பியும் போட்டுக்கொண்டு பட்ட கத்தரிக்குப் பக்கத்தில நிப்பார். எனக்கு என்ன விளங்கிச்சுது எண்டால், பாவம், வீட்டில தனிய, அம்மாவும் போன பிறகு பொழுது போகாமல் வாறார் எண்டு. உங்கட அம்மாவுக்கு எண்டு மூலையில செவ்வந்தி வைச்சிருக்கிறார். அது மட்டும் நல்லாப் பூக்கும். அதுக்கு நான்தான் தண்ணி விடுறனான், அவரை விடமாட்டன்.

இன்னொண்டு. போன வருஷம் பற்றிக்கிட்ட அவர் மூண்டுதரம் ஒரே கேள்வி கேட்டவர். தோட்டத்தில ஒரு விலாசத்துக்கு ஒரு துண்டுதான் எண்டு சட்டம். ரெண்டு துண்டுக்காரர் ஒரே விலாசத்துக்கு வந்தால் என்ன நடக்கும் எண்டு கேட்டவர். ஒண்டைத் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு பற்றிக் சொல்ல, முகம் செத்துப்போச்சு. நான் என்ன நினைச்சன் தெரியுமோ? நீங்கள் ரொக்ஸ்பரோ வீட்டை விட்டிட்டு அவரோட வந்து இருக்கப்போறியள், உங்களுக்கும் ஒரு துண்டு எடுக்க மனுசன் வழி பாக்கிறார் எண்டு. என்ர விசர்ப் புத்தி.

சரி, படிவத்துக்கு வாறன். ஒவ்வொருத்தரும் தனித்தனிய எழுதவேணும் எண்டார் பற்றிக். நீர் ஏன் ஆட்சேபிக்கிறீர் எண்டு ஒரு பெரிய பெட்டி, அதுக்குக் கீழ, எழுதினது எல்லாம் உண்மை எண்டு கையெழுத்து. மற்றாக்கள் எல்லாம் வடிவா எழுதியிருக்கினம். தேனீயாம், வண்ணத்துப்பூச்சியாம், நகரத்தின்ர மூச்சாம். எனக்குப் பற்றிக்கின்ர மனுசிதான் எழுதித் தந்தது, நானும் தேனீதான். தேனீ என்ர முகத்தில குத்தி மூண்டு நாள் வீங்கிக் கிடந்தனான், எண்டாலும் தேனீ எண்டே எழுதிக் குடுத்தாச்சு.

உங்கட அப்பா மட்டும் எழுதயில்லை. ஒரு கிழமை படிவத்தை மடிச்சுச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சவர். மரியதாசன் அண்ணை, நீங்களும் தேனீ எண்டு எழுதிக் குடுங்கோவன் எண்டு நான் கேட்டனான். அதுக்கு அவர், இல்லை சிவமலர், இது ஒட்டாவாவுக்குப் போற கடதாசி, பொய் எழுதேலாது எண்டார். உங்களுக்குத் தெரியுமெல்லே அந்தக் கதை? அகதிக் கேஸ் படிவத்தில கொழும்பில ஏறின திகதியை ஒருநாள் பிசகி எழுதிப்போட்டாராம். அந்த ஒருநாளை வைச்சு, மற்றதும் பொய்யோ எண்டு ரெண்டு வருஷம் இழுத்தவங்களாம். உங்கட அம்மா அங்க, இவர் இஞ்ச. அதுக்குப் பிறகு அரசாங்கப் படிவத்தில ஒரு எழுத்துப் பொய் எழுதமாட்டார். உங்களைச் சின்னனில பிள்ளை பராமரிக்கிற கார்டெறியில சேர்க்கேக்க, பிள்ளைக்குப் பிடிக்காத சாப்பாடு எண்ட இடத்தில பின்பக்கம் வரைக்கும் எழுதினவராமே! பூசணிக்காயோ? இப்பவும் சாப்பிடமாட்டியளோ? பாத்தியளே, மனுசன் உண்மைதான் எழுதியிருக்கு.

அப்பிடிப்பட்ட ஆள் கடைசி நாள் பின்னேரம் படிவத்தைக் கவரில வைச்சு ஒட்டிக் கொண்டுபோய்த் தபால் பெட்டிக்குள்ள போட்டிட்டு வந்தவர். என்ன எழுதினனீங்கள் எண்டு கேட்டன். உண்மைதான் எழுதினனான் எண்டிட்டு, பட்ட கத்தரிக்குத் தண்ணி ஊத்தினார்.

நேற்றுப் பின்னேரம் பற்றிக், ஒட்டாவா அனுப்பின எல்லாரின்ர ஆட்சேபனையையும் போட்டோ கொப்பி அடிச்சுக் கட்டாத் தந்தவர். இண்டைக்கு என்ன நடக்கும் எண்டும் சொன்னவர். அதிகாரி துண்டு நம்பர்ப்படி ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டு எழுப்பி, எழுதினதைச் சபைக்குச் சத்தமா வாசிச்சு, இது நீர் எழுதினதோ, வேற ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேப்பாராம். அப்பிடி வாசிப்பினம் எண்டு உங்கட அப்பாவுக்கும் நேற்றுத்தான் தெரியும். அதுதான் மனுசன் ஏழு மணிக்கே ஓடினது. உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு இந்தக் காருக்குள்ள இருக்க அவருக்கு ஏலாது.

நான் வீட்ட போய், கட்டைப் பிரிச்சு, பதினாலாம் துண்டை எடுத்தன். சும்மா, என்ன எழுதினவர் எண்டு அறியிற ஒரு விடுப்புக்குத்தான். என்ர பிரெஞ்சு மரக்கறிப் பிரெஞ்சு பிள்ளை, இருபது வருஷம் சந்தையில நிண்டு பொறுக்கினது. அவர் எழுதினதில கத்தரிக்காயைத் தவிர ஒரு மரக்கறியும் இல்லை. பேந்து போனை வைச்சு ஒவ்வொரு வரியாத் தமிழில மாத்தினன். அஞ்சுதரம் வாசிச்சன். இப்ப எனக்கு அது மனப்பாடம்.

இந்தக் காணியில நான் ஒண்டும் விளைவிக்கிறேல்லை, என்ர கத்தரி எல்லா வருஷமும் பட்டுப்போகுது எண்டு தொடங்குறார். நான் தேவாலயத்துக்குப் போற ஆள், பதினைஞ்சாம் துண்டுக்காரி கோயிலுக்குப் போறவ, தோட்டத்தைத் தவிர அவவை நான் காண வேற இடம் இல்லை. அவவைக் கலியாணம் கட்டக் கேக்கவேணும் எண்டு மூண்டு வருஷமா யோசிக்கிறன், துணிவு வரயில்லை. காணியை எடுத்தால் கேக்கிறதுக்கு இடமும் இல்லாமல் போயிடும். ஆனபடியால் ஆட்சேபிக்கிறன். மேல சொன்னது எல்லாம் உண்மை. செபமாலை மரியதாசன்.

காரை ஓரமா விடுங்கோ பிள்ளை. பின்னால ஹோர்ன் அடிக்கிறான். அப்பிடி விடுங்கோ, கூம்புக்குப் பக்கத்தில. ஓம், நிப்பாட்டுங்கோ.

நான் வாசிச்சது அவருக்குத் தெரியாது. எனக்கும் நேற்று வரைக்கும் ஒண்டும் தெரியாது, அந்தக் கடவுள் சாட்சியா. ஐம்பத்தெட்டு வயசில கதிரையில இருந்துகொண்டு தனியச் சிரிச்சன், அழுதன், திரும்பவும் சிரிச்சன். றொறன்ரோவுக்குப் போன் எடுத்து மகன் பிருந்தனுக்குச் சொன்னன். அவன், அம்மா, அவருக்குக் கத்தரி வைக்கத் தெரியுமோ எண்டான். தெரியாதடா எண்டன். அப்ப நல்ல மனுசன்தான் எண்டான்.

உங்களிட்டத்தான் எனக்குப் பயம். கிழவி ஒருத்தி காருக்குள்ள ஏறி, அம்மாவின்ர இடத்தையும் கேக்குது எண்டு நினைப்பியளோ தெரியாது. அந்த இடம் எனக்கு வேண்டாம் பிள்ளை. அந்தச் செவ்வந்தி அங்கயே நிக்கும், நானே தண்ணி விடுவன். ஆனா எனக்கு உங்கட அப்பாவைப் பிடிச்சிருக்கு. அது எனக்கே நேற்றுத்தான் தெரியும், ஆனா ஏழு வருஷமாப் பிடிச்சிருந்திருக்கு. சபையில அந்நிய மனுசன் ஒருத்தன் வாசிக்க நீங்கள் முதல்முதல் கேக்கக்கூடாது. அதைச் சொல்லத்தான் காரில ஏறினதில இருந்து கம்பு, கொடி, சமஷ்டி எண்டு எல்லாம் அலம்பிக்கொண்டு வாறன்.

காணி கிடைக்குமோ கிடையாதோ, அது மந்திரியின்ர பாடு. போனாலும் பாருங்கோ, பைல் வைக்கிற கட்டடம்தானே கட்டப்போகினம். அவர் எழுதினதும் ஒரு பெட்டிக்குள்ள அதே மண்ணுக்கு மேலதான் வந்து கிடக்கும். காணி மிஞ்சினாலும் ஒரு விலாசத்துக்கு ஒரு துண்டு போதும் எங்களுக்கு. அவற்ற துண்டைத்தான் குடுப்பம், செவ்வந்தியை மட்டும் கிளப்பி இஞ்சால வைச்சிட்டு.

பதினாலுக்கு அடுத்தது பதினைஞ்சு. அவர் எழுதினதை வாசிச்சு முடிய என்னைத்தான் எழுப்புவினம். வேற ஏதும் சொல்ல இருக்கோ எண்டு அதிகாரி கேப்பார். பாகற்காயைத் தூக்கி மேசையில வைச்சிட்டு, தேனீயைப் பற்றிச் சொல்லி இருந்திடவும் என்னால ஏலும். இல்லாட்டி அவர் கேக்காமல் விட்ட கேள்விக்கு, எழுதுறவை எழுதட்டும் எண்டு, ஓம் எண்டு சொல்லவும் ஏலும். ரெண்டில எது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும் அனோஜினி.

அழுறியளோ சிரிக்கிறியளோ எண்டு எனக்கு வடிவாத் தெரியயில்லை, வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது. என்னத்துக்கு எனக்கு மேல இருக்கிற இந்த மட்டையை இறக்குறியள்? வெயிலுக்கோ? ஓ, உள்ள கண்ணாடி இருக்கு.

என்ன? பொட்டோ?

ஓம், ஒரு பக்கம் சரிஞ்சுதான் கிடக்கு. பொறுங்கோ, பழக்கம் விட்டுப்போச்சு. இப்ப நடுவில இருக்கோ? நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ. அப்ப காரை எடுங்கோ பிள்ளை, பத்தாகப் போகுது.